ஒன்பதாம் வகுப்பு நடக்கவே இல்லை

பல் மருத்துவம் படிக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அடுத்தவர் வாய்க்குள் கை விடுவது அருவருப்பாக இல்லையா? இல்லை. வெற்றிலைக் கறை, சொத்தைப் பல், ஈறில் சீழ், எதைப் பார்த்தும் எனக்குக் குமட்டியதில்லை. இந்தப் படிப்புக்கு வந்து சேர்வதற்குள் நான் பார்த்தவைதான் குமட்டின. நினைத்தால் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

எனக்கு டாக்டராக வேண்டும் என்ற ஆசையெல்லாம் இருந்ததில்லை. பல் டாக்டராகத்தான் ஆசை. எட்டாவது படிக்கும்போது பள்ளி மாடிப்படியில் விழுந்து முன்பல் பாதி உடைந்துபோனது. அடையாறில் ஒரு லேடி டாக்டர் பசைபோல் எதையோ வைத்து, நீல விளக்கைக் காட்டி, தேய்த்துத் தேய்த்து அந்தப் பாதியைத் திரும்பக் கட்டினார். என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "பாத்துட்டே இரு, பயம் போயிடும்" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். உடைந்த இடம் எது, கட்டிய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கும்போது வேறு எதைச் செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இதை யாரும் நம்பவில்லை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தவர். நாங்கள் குடியிருந்தது மயிலாப்பூரில். எங்கள் சொந்தத்தில் பல் மருத்துவம் என்றால் எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம். அதனால் நான் பல் டாக்டர் என்றபோதெல்லாம் அவர்கள் காதில், இவளுக்கு மார்க் வராது என்றுதான் விழுந்தது.

கடைசியில் மார்க்கும் வரவில்லை. பத்தாம் வகுப்பில் பள்ளியே கொண்டாடிய மார்க் வாங்கியவள், ப்ளஸ் ஒன்னில் தடுக்கி விழுந்தேன். ப்ளஸ் டூவில் உயிரியல் மட்டும் நன்றாக இருந்தது. இயற்பியலும் வேதியியலும் பாஸ் மார்க்கை ஒட்டி ஊசலாடின. நீட் தேர்வில் வந்ததை வெளியே சொல்ல முடியாது. ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். செல்போன் என்றாள் அம்மா. கண் திருஷ்டி என்றாள் சித்தி. இயற்பியல் மிஸ் மட்டும் நேராகவே, "உன் மண்டைக்கு இதெல்லாம் ஏறாதும்மா" என்று சொல்லிவிட்டார். நானும் அதை நம்பினேன். அடுத்த வருஷம் இன்னொரு முறை எழுதுவது, அப்போதும் சீட் கிடைக்காவிட்டால் பி.காம். சேர்ந்து அப்பா கடையில் உட்காருவது என்று வீட்டில் பேசி முடித்தார்கள்.

தி.நகரில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் வாங்கும் மார்க்கைப் பொறுத்துத்தான் அந்த வாரம் உட்காரும் இடம். முன்வரிசைக்கு ஏ.சி. பின்வரிசைக்குக் கடகடவென்று சத்தம் போடும் ஃபேன். அத்தனை பேர் மார்க்கும் அத்தனை பெற்றோருக்கும் வாட்ஸப்பில் போய்விடும். அப்பா கடையில் வியாபாரத்துக்கு நடுவே அதைத் திறந்து பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைப்பாராம். முதல் நாளே ஒவ்வொருவரையும் எழுப்பி, என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார்கள். நான் பல் டாக்டர் என்றேன். "லட்சியமே இல்லாதவங்கள்லாம் பின்னாடி போயிடுங்க" என்றார் அங்கே இயற்பியல் எடுத்த சார். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை அழுக்கையும் கட்டணம் கட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோமே என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் அவர் மேலே எறிந்த கல்லைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உச்சியில் கல் ஒரு கணம் நிற்கிறது, வேகம் பூஜ்யம் என்றார். அடுத்த வரியிலேயே முடுக்கம் மட்டும் பூஜ்யமில்லை என்று எழுதினார். எனக்குப் புரியவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்து கேட்டேன்.

"இது நைன்த்து பாடம்மா" என்றார். "நைன்த்தையும் நான்தான் நடத்தணுமா? ஸ்கூல்ல என்ன பண்ணிட்டிருந்தே?"

மறுபடியும் சிரிப்பு. நான் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பில் நான் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? பத்தாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது தொடங்கியதும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். மறுநாளே, இவை வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லி, பத்தாம் வகுப்புப் பாடத்தை எடுத்தார்கள். பொதுத்தேர்வுக்கு ஒரு வருஷம் போதாது, இரண்டு வருஷம் படித்தால்தான் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு வரும். ஒன்பதாவது முழுப் பரீட்சைகூடப் பத்தாவது பாடத்தில்தான் நடந்தது. நாங்களும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் மாதிரிப் பெருமையாகத் திரிந்தோம். அந்தப் புத்தகங்களை அம்மா புத்தம்புதுசாகப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள்.

அந்த சார் அவமானப்படுத்துவதற்காகத்தான் சொன்னார். எனக்கோ, நான் தடுக்கி விழுந்த இடத்துக்கு யாரோ விலாசம் சொன்ன மாதிரி இருந்தது. இடைவேளையில் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பப் போகவே இல்லை.

நேராக மயிலாப்பூர் லஸ் முனைக்குப் போய், நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கேட்டேன்.

"இன்னாமா, தங்கச்சிக்கா?"

ஆமாம் என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது.

அவர் அடுக்கிலிருந்து ஒன்றை உருவித் தூசி தட்டினார். "நைன்த்து புக்கு மட்டும் எப்போ வந்தாலும் புச்சாவே கீதும்மா. ஒரு கோடு போட்டு வெக்கல பாரு. இன்னாத்த படிக்குதுங்களோ" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். வீடு வரும்வரை அந்தப் புத்தகத்தின் புது வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. எரிச்சலாக வந்தது.

கோச்சிங் வேண்டாம் என்றதும் அம்மா அழுதாள். அப்பா, "சரிட்டி, எங்க உக்காந்து படிக்கப் போற?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து கடை திறக்கும் முன் என்னை ஸ்கூட்டரில் கோட்டூர்புரம் நூலகத்தில் கொண்டுபோய் விட்டார். பாலத்தில் ஆற்று நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து பள்ளியைத் திட்டிக்கொண்டே போவேன். ஒரு வருஷப் பாடத்தையே திருடிவிட்டார்களே, இவர்கள் விளங்குவார்களா என்பேன். "ஆமாட்டி, திருட்டுப் பயலுவ" என்பார் அப்பா. எனக்கு ஆறுதலாக இருக்கும்.

நூலகத்தில் சுற்றிலும் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் தலையணை மாதிரிப் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒன்பதாவது புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு மறைத்துக்கொண்டு படித்தேன். இயக்கம், அணு அமைப்பு, வேதிப் பிணைப்பு. புரியப் புரிய சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சோடியம் தன் கடைசி எலக்ட்ரானை எதற்காகக் கொடுத்துவிட்டுப் போகிறது என்று அரைப் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமலே ப்ளஸ் டூ வேதியியலில் சமன்பாடு சமன்பாடாக மனப்பாடம் செய்து, இரண்டு நாளில் மறந்து, மறந்ததற்கு என் மண்டையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே போன கல்லும் ஒரு வழியாகப் புரிந்தது. கல் நின்றாலும் பூமி இழுப்பதை நிறுத்துவதில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒருவருக்குக் கால் மணி நேரம் ஆகுமா? அந்தக் கால் மணி நேரத்தைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நான் மக்கு இல்லை என்று புரிந்த அன்று நூலகக் கழிவறையில் போய் அழுதேன்.

ஒன்பதிலிருந்து ஏறி ப்ளஸ் டூ வரை வர மாதக்கணக்கில் ஆயிற்று. நடுவில் ஆதம்பாக்கத்தில் சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழா. யார் கேட்டாலும் நான் தபாலில் பி.எஸ்ஸி. படிப்பதாகச் சொல்ல வேண்டும் என்று அம்மா போகும் வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனாள். திரும்ப எழுதுவது அவ்வளவு கேவலமாம். ஆனாலும் பெரியப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வாயில் வடையோடு, எல்லோர் எதிரிலும், "பல்லு புடுங்கவா ரெண்டு வருசம் படிக்கா உன் மவ?" என்று அப்பாவிடம் கேட்டார். அவர் கடைவாய்ப் பல் ஒன்று கறுத்துப் பாதியாகிக் கிடந்தது. அந்தப் பக்கம் படாமல் வடையை மறுபக்கம் ஒதுக்கி ஒதுக்கி மென்றார். வலிக்கிறது என்று தெரிந்தது. கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

இரண்டாம் முறை நீட் எழுதினேன். மார்க் பிரமாதமில்லை என்றாலும் இந்த முறை வெளியே சொல்லும்படி இருந்தது. கவுன்சலிங்கின் முதல் சுற்றில் என் பெயர் வரவில்லை. வீட்டில் பி.காம். பேச்சு மறுபடி எழுந்தது. அம்மா ஒரு கல்லூரியில் விசாரித்தே வந்துவிட்டாள். இரண்டாம் சுற்று முடிவு வந்தபோது அப்பா கடையில் இருந்தார். நானே போனில் சொன்னேன். தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்திருந்தது. அப்பா மூக்கை உறிஞ்சினார். பிறகு கடையில் யாரையோ கூப்பிட்டு, "எம்பொண்ணுக்குக் கெடச்சிட்டுல்லா" என்று கத்தியது கேட்டது. அன்றைக்கு ஒருவர்மேலும் எனக்கு வெறுப்பில்லை.

அந்த வாரமே பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பெற்றோர் கூட்டம் இருக்கிறது, வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். கேட்டில் என் படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கழுத்தில் நான் தொட்டுக்கூடப் பார்க்காத ஸ்டெதஸ்கோப்பை கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். கீழே, எங்கள் பள்ளியின் அடித்தளம் என்று எழுதியிருந்தது. பார்த்ததும் உடம்பெல்லாம் கூசியது. பேசச் சொல்கிறார்கள் இல்லையா, பேசுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

பிரின்சிபால் மேடம் அறையில் எனக்கும் அப்பாவுக்கும் காபி, பிஸ்கட். "நம்ம ஸ்கூல் ஃபவுண்டேஷன் அப்படி" என்று மேடம் ஆரம்பித்தார்.

"நைன்த்து பாடம் எப்போ மேடம் நடத்துவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "நாங்களாவா அப்படி ஆரம்பிச்சோம்? பக்கத்து ஸ்கூல்ல டென்த் போர்ஷன் எடுத்துட்டாங்க, இங்க ஏன் எடுக்கலைன்னு உங்க பேட்ச் பேரன்ட்ஸ்தான் மீட்டிங்ல சண்டைக்கு வந்தாங்க. முதல்ல எழுந்து நின்னதே உங்க அப்பாதான். கேட்டுப் பாரும்மா."

அப்பா பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவுக்கு வந்ததும், நான் கேட்காமலே, "எல்லாருக்கும் அதாம்ட்டி நெனப்பு. நீ பின்தங்கிரக் கூடாதுல்லா, அதான் கேட்டேன்" என்றார். அத்தனை காலையும் ஸ்கூட்டரில் நான் திட்டத் திட்ட, ஆமாட்டி ஆமாட்டி என்று வந்தவர் இவர்தான். எனக்காக வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டியவரும் இவர்தான். சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது, பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்த முகத்தை அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் மேடைக்குப் போய்விட்டேன்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். அப்பா எழுந்து நின்றதை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கு ஒன்பதாம் வகுப்பு நடக்கவே இல்லை, அதனால்தான் பின்னால் எதுவுமே ஏறவில்லை, ப்ளஸ் டூ முடித்த பிறகு நடைபாதையில் ஒன்பதாவது புத்தகம் வாங்கிப் படித்துத்தான் இந்த இடம் கிடைத்தது, உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பை விட்டுவிடாதீர்கள் என்றேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. சிலர் தலையாட்டினார்கள். கைதட்டலும் இருந்தது. முன்வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

இறங்கி வந்தபோது ஒரு அம்மா வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஒருத்தருக்காவது உறைத்ததே என்று நினைத்தேன்.

"ரொம்ப நல்லா பேசினம்மா. என் பொண்ணும் இங்கதான் நைன்த்து. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லேன். இவளுங்களுக்கு ஆகஸ்ட்லதான் டென்த் போர்ஷனே ஆரம்பிச்சாங்க. உங்க பேட்ச்சுக்கு எப்போ ஆரம்பிச்சாங்க?"

பக்கத்தில் நின்ற அப்பா, கடையில் விலை கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சட்டென்று பதில் சொன்னார்.

"எங்களுக்கு ஜூன்லயே ஆரம்பிச்சுட்டாங்கம்மா."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா என் கையை விட்டார். இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு பிரின்சிபால் அறையைப் பார்த்து நடந்தார்.