பொன்னையா கேட்ட வயர்

"காது மந்தம்" என்று பெண் தராமல் இரண்டு தடவை திருப்பி அனுப்பிய வீட்டிலிருந்தே ஒரு மனைவி. எல்கடுவ தேயிலைத் தொழிற்சாலையின் மிஷின் இரைச்சலில் மற்றவர்கள் கத்திக் களைக்க, வாயசைவைப் பார்த்தே வேலை பார்க்கும் நல்ல பெயர். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு ஓட்டப்பந்தயத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின். பொன்னையா வென்றவை இவை. விசில் அவருக்குச் சரியாகக் கேட்காது. ஊதுபவரின் கன்னம் உப்பியதுமே ஓடிவிட்டார்.

ஐந்து வயதுக் காய்ச்சலில் காது பாதி போனது. அதோடு பள்ளிக்கூடமும் போனது. பாதிக் காதையும் இரண்டு கண்ணையும் சேர்த்துத்தான் ஐம்பத்துமூன்று வயது வரை ஊரோடு பேசி வருகிறார். மாலைச் செய்திக்கு டீவியின் முன்னால் பலகையைப் போட்டு உட்காருவார். செய்தி வாசிக்கும் பெண்ணோடு இவர் உதடும் அசையும்.

"அந்தம்மாவுக்கு நீங்கதாம்பா சொல்லிக் குடுக்குறீங்க" என்று மகள் கிருஷாந்தினி சீண்டுவாள்.

"நான் இல்லாட்டி அது தடுமாறும் புள்ள."

மகள் மாத்தளையில் வேலைக்குப் போனதும், அப்பாவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று ஐந்து ஸ்பீக்கர் ஹோம் தியேட்டர் வாங்கினாள். கடைக்கார அன்ஸாப் தானே வந்து மாட்டினார். மெல்லிய கறுப்பு வயரின் நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. "இது டிஜிட்டல் அண்ணே. சத்தம் வெளிச்சமாப் போய், அங்கால சத்தமா வரும்."

சத்தம் வீட்டை நிறைத்தது. ஆனால் செய்திப் பெண் வாயை மூடிய பிறகுதான் சொல் வந்தது. இம்மியளவுதான், மகளுக்குத் தெரியவில்லை. பொன்னையாவுக்கோ கண் சொன்னதைக் காது மறுத்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பஸ் கண்டக்டரின் வாய் பிடிபட்டது. தொழிற்சாலையில் வாங்கிய ஏச்சும் பிடிபட்டது. அப்படியென்றால் இது என்ன? செய்தி நேரத்தில் குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். பக்கத்து லயத்து அக்காவிடம் மட்டும் சொன்னார்: "கண்ணும் போகுது போல அக்கா. அந்தம்மா வாய மூடின பொறகு பேசுது. புள்ளகிட்ட சொல்லாதீங்க, ஆசையா வாங்கியிருக்கா."

அக்கா அன்றே சொல்லிவிட்டாள்.

அன்ஸாப் மறுபடி வந்தார். யோசித்து, சிவப்பும் வெள்ளையும் முனைகளாக உள்ள பழைய மாதிரி வயரை மாட்டினார். மெல்லிய இரைச்சல் எழுந்தது. சொல் போய்ச் செய்திப் பெண்ணின் உதட்டில் உட்கார்ந்தது. பொன்னையாவின் உதடும் அசைந்தது.

"இதுல பின்னுக்கு உள்ள ஸ்பீக்கர் பேசாது. இரைச்சலும் நிக்காது" என்றார் அன்ஸாப். "டிஜிட்டல எந்த மடையனும் கழட்டச் சொல்ல மாட்டான் அண்ணே."

"இங்க ஒரு மடையன் இருக்கேன் தம்பி." மகளைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எது புள்ள வேணும்? காசு போட்டது நீ."

"எனக்கு இந்த வயர் ஒன்னும் வெளங்கல. நீங்க குசினிய விட்டு வந்து உக்காருங்கப்பா, போதும்."

அன்ஸாப் உத்தரவாத அட்டையில் 'கேட்டபடி மாற்றியது' என்று எழுதினார். "பொறகு கம்ப்ளேன் வரப்படாது. ஒரு சைன் போடுங்க."

சம்பளத்துக்கும் வங்கிக்கும் கைநாட்டே வைத்து வந்தவர் பெருவிரலை நீட்டினார். வீட்டில் மை இல்லை. விரலில் கரி பூச மகள் கரிச்சட்டியை எடுக்க எழுந்தாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டுப் பேனையை வாங்கினார். செய்திப் பெண் வாசிப்பதையே திரையின் அடியில் காட்டும் வரிகளை அவள் உதட்டோடு சேர்த்துப் பார்த்துப் பார்த்தே எழுத்துகளைப் பழகியிருந்தார். அது யாருக்கும் தெரியாது. நாக்கை ஓரமாகக் கடித்தபடி, அட்டையின் அகலம் முழுக்கப் 'பொன்னையா' என்று எழுதினார். அட்டையில் திகதி 2024 மார்ச் 3.