ஆலங்குடி பிடித்த பேத்தை

ஐஸ் கம்பெனியின் அம்மோனியா நெடியும் கருவாட்டு வாசமும் கலந்து மூக்கைக் குத்திய ஒரு கோடை விடுமுறையில், அப்பாவுக்கு அங்கே மோட்டார் பார்க்கும் வேலை கிடைத்து, ஆலங்குடியிலிருந்து ஜெகதாப்பட்டினத்துக்குக் குடிவந்தோம். கடல் என்றால் அலை என்று பாடத்தில் படித்திருந்த எனக்கு, அசையாமல் கிடந்த அந்தத் தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பெரியம்மாவாகத்தான் தெரிந்தது. ஆகவே கண்மாயில் செய்ததையே செய்தேன்: மூங்கில் குச்சி, மயிலிறகுத் தண்டில் "தக்கை", கொல்லையில் தோண்டிய மண்புழு, அதன்மேல் ராசிக்கு ஒரு துளி எச்சில்.

"ஏய் ஆலங்குடி, புழுவ உப்புக்கண்டம் போடுறியா?"

கேட்டவள் பக்கத்து வீட்டு முத்துமாரி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். கூட இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரே பெயராயிற்று. ஒரு மீன், ஒரே ஒரு மீன் பிடித்துக் காட்டிவிட்டால் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் பத்து நாள் தனியாக உட்கார்ந்திருந்தேன். பேச்சுத்துணை அந்தத் தக்கைதான்.

பதினோராம் நாள் சாயங்காலம் தக்கை முங்கியது. வந்த மீன் கண்முன்னே பந்தாக உப்பிப் பல்லை நறநறவென்று கடித்தது. குழம்பு வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுக்க, வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் முத்துமாரி மறித்தாள்.

"கீழ போடுடி! போடுங்குறேன்ல!"

தட்டிவிட்டுக் காலால் எத்தினாள். என் மீனைக்கூட விட்டுவைக்க மாட்டாளா என்ற ஆத்திரத்தில் அவள் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தேன். அவள் அழவில்லை. ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு காக்கை வந்து, மணலில் கிடந்த மீனைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, தொடாமல் பறந்தது. வேலை முடிந்து வந்த அப்பா அதைக் கண்டு, நடந்ததை என்னிடம் கேட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பேத்தை மீனும்மா இது, வெசம். கம்பெனியில மொத நாளே சொன்னாங்க, நாந்தான் ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். அந்தப் புள்ள மட்டும் இல்லைன்னா மூணு பேரும் இந்நேரம்..."

அம்மா ஒரு பொட்டலம் வறுத்த கடலையை என் கையில் திணித்தாள். "போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

அவர்கள் வாசல்வரை போனேன். உள்ளே முத்துமாரி, மணிக்கட்டில் மஞ்சள் பற்றோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினேன். கடலையைக் கடலில் கொட்டிவிட்டு, "சொல்லிட்டேம்மா" என்று பொய் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருக்கையில் விடுமுறை முடிந்தது. அப்பாவுக்கும் அந்த வேலை ஒத்துவரவில்லை. ஆலங்குடிக்கே பஸ் ஏறினோம்.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மாதம் ஜெகதாப்பட்டினத்துக்குத் தனியாகப் போயிருந்தேன். அந்த வீட்டு வரிசை இல்லை. விசாரித்தால், "எந்த முத்துமாரிங்க?" என்கிறார்கள். கரையில் ஒரு வெளியூர்க் குடும்பம், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத தூண்டிலோடு பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய சின்னப் பெண் உப்பிய மீன் ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். "பேத்தைங்க, வெசம்" என்றேன், மூச்சிரைக்க.

"ஐயோ, ரொம்ப நன்றிங்க" என்றார் அவள் அப்பா, சட்டென்று, அவ்வளவு சுலபமாக. பிள்ளை மட்டும் கண் நிறைய என்னை முறைத்துக்கொண்டே காரில் ஏறினாள்.

அந்த நன்றியை எங்கிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல், பஸ் வரும்வரை கரையிலேயே நின்றிருந்தேன்.