முக்கோணம் இல்லாத டயர்

சனிக்கிழமை காலை பத்தேகால். டயர் கடை வாசலில் முதலில் கண்ணில் பட்டது அக்காவுடைய காரின் முன்சக்கரங்கள். அளவுக்கு மீறிய கறுப்பு. புது ரப்பர் மங்கலாகத்தான் இருக்கும். இவற்றுக்கு யாரோ பாலிஷ் போட்டிருந்தார்கள்.

நாங்கள் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் கடைக்காரர் அக்கா கேட்ட புது டயர் இரண்டையும் மாட்டி முடித்திருந்தார். அக்கா தீவிலிருக்கும் கெலுகோரிலிருந்து தினமும் கடல்பாலத்தைத் தாண்டி, அக்கரையில் பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறவள். காரில் இன்னும் இரண்டு ஆசிரியைகள் இருப்பார்கள்.

டயர் செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் அதன் ஒரு பக்கத்தில் மூன்று எண்களாகப் பதிந்திருக்கும். சாலை விபத்துகளைச் செய்தியாக எழுதப் போய் நான் தெரிந்துகொண்டது அது. இரண்டு சக்கரங்களிலும் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. குனிந்து, பாலிஷைத் துடைத்துப் படித்தேன். 088. எட்டாவது வாரம், எட்டில் முடியும் ஆண்டு.

"தொண்ணூத்தெட்டு லா தம்பி. இந்த வருஷ சரக்கு" என்றார் கடைக்காரர்.

சுவரோரம் அதே கம்பெனியின் வேறு அளவு டயர்கள் இருந்தன. தொண்ணூறுகளில் செய்தவை என்பதற்கு அடையாளமாக எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு முக்கோணம். காரில் இருந்தவற்றில் அது இல்லை.

"இது எண்பத்தெட்டுண்ணே. பத்து வருஷம் பழசு. ரப்பர் இறுகிப்போய் ஓடறப்பவே வெடிச்சிடும்."

"டயர் என்ன டுரியான் பழமா, வச்சா கெட்டுப் போக? தங்கச்சிக்குப் போய்க் கெட்டதைக் கொடுப்பேனா?"

அந்தத் 'தங்கச்சி' என்ற சொல்லில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒருவரை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் அவர் கொடுக்கும் பொருளைப் புரட்டிப் பார்ப்பது நம்மவர்களிடம் அவமரியாதை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடு தம்பி. அண்ணேன்னு கூப்பிட்டுட்டு எப்படிச் சண்டை போடறது?"

"தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டேதான அவரு நம்பரை உள்ள திருப்பி வச்சாரு?" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அக்கா சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "முதலாளி, கழட்டுங்க."

அவர் முகம் மாறியது. "உங்க சைஸ் செவ்வாக்கிழமைதான் வரும், டீச்சர்."

பழைய டயர்களில் கம்பி தெரிந்தது. அவற்றைத் திரும்ப மாட்ட முடியாது. காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை அக்கா பஸ், ஃபெரி, மறுபடி பஸ் என்று பள்ளிக்குப் போனாள்.