பச்சை நூல் தைத்த சட்டைகள்

அவர் செத்துப்போய்விட்டார் என்று முழுமனதாக நம்பினேன். சாட்சி, சில பழைய சட்டைகள்.

பழைய துணி என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பித்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதன்முதலாக வேலை கேட்டுப் போனபோது மாட்டியிருந்ததே பூந்தமல்லி நடைபாதைக் குவியலில் பொறுக்கிய சட்டைதான். யாரோ ஒருவனின் முழங்கை மடிப்பு அதில் அப்படியே இருந்தது. தனியாளுக்கு அதுவும் ஒரு துணை. கல்யாணம் எனக்குக் கூடிவரவில்லை, துணி கூடிவந்தது. இப்போது வாரமெல்லாம் பொறுக்கித் துவைத்து இஸ்திரி போட்டு, ஞாயிறு காலையில் வானகரம் சாலையோரச் சுவரில் கயிறு கட்டி விற்கிறேன். ஜோக் சொல்வதும் நானே, சிரிப்பதும் நானே.

விழுந்த பட்டன்களைப் பச்சை நூலில் தைப்பேன். கேட்டால் ஸ்டைல் என்பேன். உண்மையில் வீட்டில் இருப்பது அந்த ஒரு நூல்கண்டுதான்.

ஞாயிறுதோறும் பூந்தமல்லியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வருவார். ரிட்டயர்டு ஃபிட்டர், பீரோ மாதிரி உடம்பு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"இது எனக்கு சேருமா?"

"அண்ணாத்தே, இது உனக்குன்னே தெச்சது. தெச்சவனுக்குத்தான் அது தெரியாது."

குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு, போகும்போது ஒரு சட்டை வாங்குவார். மற்ற நாட்களில் அவருக்கென்று ஜோக் சேர்த்துவைப்பேன். வேறு யாரிடம் சொல்ல?

திடீரென்று சில வாரம் அவரைக் காணவில்லை. பிறகு ஒருநாள் பூந்தமல்லிக் குவியலில் கைவிட்டேன். பச்சை நூல் பட்டன் வந்தது. தோண்டத் தோண்ட இன்னொன்று, மற்றொன்று. எல்லாம் அவர் வாங்கியவை. போன ஆளின் துணியை யார் வீட்டில் வைத்திருப்பார்கள்?

"இன்னா நைனா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றார் குவியல்காரர்.

கடைசியாக நான் சொன்ன ஜோக் படுமொக்கை. அதிலேயே போய்விட்டாரோ என்றுகூடத் தோன்றியது. பஸ் நிலையத்தில் ஒரு ரோஜா மாலை வாங்கினேன். தண்ணீர் டேங்குக்கு எதிரே நீலக் கேட் என்று அவர் சொன்ன நினைவு. தெருவில் பந்தல் இல்லை, உதிர்ந்த பூவும் இல்லை. காரியமே முடிந்திருக்கும். எனக்கு யார் தகவல் சொல்வார்கள்? அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது பெல்லை அழுத்தும்போதுதான் உறைத்தது.

கதவைத் திறந்தவர் அவரேதான். லுங்கி, முட்டியில் கட்டு.

"இன்னா மாமே, மாலையோட வந்துகீறே? எனக்கா, உனக்கா?"

வாழ்க்கையில் முதல்முறையாக வாயில் ஜோக் வரவில்லை. "சட்டையெல்லாம்... குவியல்ல பாத்தேன்."

"அடப்பாவி, சாவடிச்சிட்டியா என்னை!" என்று முட்டியைத் தட்டிச் சிரித்து, வலியில் அலறினார்.

அவர் மனைவி எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தார். "துணிய பாத்திரக்காரிகிட்ட போட்டுட்டேங்க. இந்த டம்ளரு அதுக்கு வந்ததுதான்."

"ஏன், அண்ணாத்தேக்கு புடிக்கலியா?"

"ஒண்ணும் அவரு ஒடம்புல பூராதுங்க. நீங்க செவுத்துகிட்ட தனியா பேசிக்கினு உக்காந்திருந்தத பஸ்ஸுல போச்சொல்ல பாத்தாராம். மனசு கேக்கலன்னு வந்து குந்திக்குவாரு. சும்மா எந்திரிச்சு வர கூச்சப்பட்டுகினு ஒண்ணு வாங்கியாந்துடுவாரு."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்று அவர் ஃபேனைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். என் சட்டையில் நானே காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாலையைச் சாமி படத்துக்குப் போட்டார்கள்.

திரும்பும் வழியில் அந்தச் சட்டைகளைக் குவியலிலிருந்து மீண்டும் வாங்கினேன். அடுத்த ஞாயிறு கயிற்றில் மாட்டினேன். எல்லாம் விற்றுப்போயின. முட்டி வலியில் பஸ் ஏற முடியாததால் அவர் வரவில்லை.