ஏற்காட்டுக்கு நான் சேர்த்த மழை

சொந்த ஊருக்கு லீவில் வந்த முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

காலையில் ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் டீக்கடையில் புது டிவி. அதில் நான் வேலை பார்க்கும் சேனலின் வானிலைச் செய்தி. சேர்வராயன் மலை முப்பரிமாணத்தில் சுழல்கிறது. குப்பனூர்ப் பக்கமிருந்து கருமேகம் ஏறி வந்து ஏற்காட்டின் மேல் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. நேற்று கிளம்புமுன் நான் செய்து வைத்த கிராபிக்ஸ் அது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தலைச்சோலைக் கிராமத்து மல்லிகா அக்கா, வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, களத்துல காயற காப்பிக்கொட்டையெல்லாம் அள்ளி ஊட்டுக்குள்ள போடுங்க. மழை நொம்பப் பலமா வருதாம்!"

வெளியே சுள்ளென்று வெயில்.

"அக்கா, லேசான மேகமூட்டம்னுதானுங்க தகவல் வந்துச்சு. நம்ம ஊரு டிவில எடுப்பா தெரியட்டும்னு நாந்தான் மழையைச் சேத்துட்டேன்" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்தார்.

"அள்ளுனத மறுக்காக் காயப் போடுங்க. மழைய வரவெச்ச ஆளு இங்கதான் டீ குடிச்சுட்டு இருக்குது."

பிறகு என்னிடம் சொன்னார்: "காப்பி காய இன்னும் நாலு நாளாகும் கண்ணு. அதுவரைக்கும் எங்க ஊருக்கு வெயிலாவே போட்டு வுடு."

தலைச்சோலைக்கு வெயில் பதிவாகிவிட்டது. உங்கள் ஊருக்கு என்ன போடட்டும்?