ஃபோகஸில் நின்ற பெரியப்பா

கேமரா லென்ஸுக்குப் பார்வை சரிபார்ப்பதுதான் என் தொழில். கண் டாக்டர் வேலை மாதிரிதான், ஆனால் கோளாறு எதில் என்று சரியாகத் தெரிந்துகொண்டு என்னிடம் வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில் எங்கள் சர்வீஸ் கடை. உடைந்த கேமராவைத் திறந்து மூடுவது என் கூட்டாளி தேவராஜ் அண்ணன். உடையாமலேயே மங்கலாக எடுக்கிற கேமராக்கள் என் மேஜைக்கு வரும். வீட்டு பீரோவில் ஒரு மங்கலான கல்யாண ஆல்பத்தைப் பூட்டி வைத்திருக்கும் அன்பர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் மங்கல், அவர் பளிச்

நான் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். என் கல்யாணத்தைக் கருமத்தம்பட்டிப் பெரியப்பாதான் முன்னால் நின்று நடத்தினார். முன்னால் என்பது பேச்சுக்குத்தான். மேடையில் அவர் நின்றது எனக்கு நேர் பின்னால். படம் எடுத்தவர் அவருடைய மகன் மணியண்ணன். ஸ்டுடியோ வைத்திருக்கிற பங்காளி இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டால், அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா?

ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தில் என் முகம் ஆவி பிடித்த மாதிரி இருந்தது. பின்னால் பெரியப்பாவின் மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு படம் என்றால் போகட்டும் என்று விடலாம். மாலை மாற்றும்போதும் அப்படி, மெட்டி போடும்போதும் அப்படி. "வேணும்னேதான் அவிய அப்பனையே பாத்துப் பாத்து எடுத்திருக்கறான்" என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். பெரியப்பா செய்த உதவிக்கு அதை வெளியே சொல்லவும் முடியாது. அதனால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பெரிய கவலை, வெளியே கொட்டிவிட்டால் ஆறிவிடும். என் வீட்டுக்காரர் மட்டும் ஆல்பத்தைக் கடைசிவரை புரட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இதப் பாத்தா நான் உங்க பெரியப்பனக் கட்டிக்கிட்ட மாதிரியில்ல இருக்குது."

குருவி மேல் பழி

அந்த ஆல்பம்தான் என்னை இந்த மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மங்கலுக்குக் காரணம் தேடிப் போனேன், பிடித்தும்விட்டேன். கேமரா தானாகவே ஃபோகஸ் பிடிக்கும். ஆனால் சில லென்ஸும் சில கேமராவும் ஜோடி சேர்ந்தால், நாம் குறி வைத்த இடத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ போய் நின்றுகொள்ளும். ஒரு அட்டையைக் குறியாக வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தால் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று தெரிந்துவிடும். கேமரா மெனுவிலேயே அந்த லென்ஸுக்கென்று ஒரு எண் இருக்கிறது. அதைக் கூட்டியோ குறைத்தோ பொறுமையாகச் சரி செய்யலாம். பொறுமை என்னிடம் நிறைய இருக்கிறது.

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் அமராவதி அணைப் பக்கம் போய்ப் பறவைகளை எடுப்பவர். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஒரு பெரிய லென்ஸைத் தூக்கி வந்தார். படத்தில் குருவி மங்கல், அதற்கு முன்னால் இருக்கும் முள் பளிச். அவருடையது முன்னால் நழுவுகிற ரகம். சரி செய்து, கடை ஜன்னலுக்கு வெளியே கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு புறாவை எடுக்கச் சொன்னேன். அவர் திரையைப் பெரிதாக்கிப் புறாவின் கண்ணைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இத்தன நாளா அது நகந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் குருவியவே திட்டிப்போட்டேனுங்க."

லென்ஸ் சரி, ஆள்?

எல்லாப் பழியையும் லென்ஸ் மேல் போடுகிறவள் என்று என்னை நினைக்க வேண்டாம். கொடுமுடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒருவர், கோயிலுக்கு வருகிற தம்பதிகளை ஆற்றங்கரையில் நிற்க வைத்து எடுப்பவர், லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு, "இது போயிருச்சுங்க" என்றார். எப்படி வைத்துப் பார்த்தாலும் அந்த லென்ஸ் நூல் பிடித்த மாதிரி நின்றது. அவரையே எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மனிதர் ஃபோகஸைப் பிடித்துக்கொண்டு, "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லும்போது தானும் சிரித்தபடி முன்னால் சாய்கிறார். சாய்ந்த பிறகுதான் பட்டனை அழுத்துகிறார். மங்காமல் என்ன செய்யும்?

அவர் மனசு நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வேலையாக இருந்த தேவராஜ் அண்ணன் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார்: "லென்ஸு கெட்டியாத்தானுங்க இருக்குது. ஆளத் திருப்பி டைட் பண்றதுக்குத்தான் நம்மகிட்ட ஸ்க்ரூ இல்லீங்க."

சீர்த்தட்டு வரிசை

என் தம்பி கார்த்திக்குப் பெண் அமைந்தது. படத்துக்கு மறுபடியும் மணியண்ணன்தான், அதே கேமரா, அதே லென்ஸ். இன்னொரு ஆல்பமும் அப்படி வந்தால் அம்மா இரண்டு வீட்டுப் போக்குவரத்தையும் அறுத்துவிடுவாள். லென்ஸின் கோளாறு என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. "மங்கலா விழுகற லென்ஸு அவிய அப்பன் மேல மட்டும் சரியா விழுகுமா?" என்று கேட்டாள். மணியண்ணனிடம் போனில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "என்ற லென்ஸுக்கு ஒண்ணுமில்ல அம்மணி, அது ராசியான லென்ஸு" என்றார். அதற்கு மேல் பேசினால் அவர் கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வரமாட்டார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவளை உட்கார வைத்துச் செய்யும் இணைச்சீர் உண்டு. அதற்கு முன் மண்டபத்தில் சீர்த்தட்டுகளை அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. தட்டுகளைச் சுவரோரமாக வைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வான வரிசையில் வைத்தேன். முன்னால் வெற்றிலை, நடுவில் குங்குமம் வைத்த தேங்காய், அதற்குப் பின்னால் வாழைப்பழம், கடைசியில் சேலை. என் கடை அளவுகோலை அப்படியே மண்டபத்தில் விரித்த மாதிரிதான். "அண்ணா, அந்தத் தேங்காயில இருக்கற குங்குமத்த மட்டும் பளிச்சுன்னு ஒரு படம் எடுத்துக் குடுங்க" என்றேன்.

எடுத்தார். திரையைப் பார்த்தார். குங்குமம் கலங்கிக் கிடந்தது. வாழைப்பழத்தில் இருந்த கரும்புள்ளியை எண்ணலாம் போலிருந்தது. மறுபடி எடுத்தார். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் வாழைப்பழம்தான் ஜெயித்தது. நான் சேலை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேமராவை என் கையில் கொடுத்தார். மெனுவில் எண்ணைக் குறைத்துக் குறைத்து எடுத்துப் பார்த்தேன். ஃபோகஸ் வாழைப்பழத்தை விட்டுத் தேங்காய்க்கு நகர்ந்து வந்து, குங்குமத்தின் மேல் உட்கார்ந்தது. மணியண்ணன் அதைப் பார்த்தபடியே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப உன்ற கல்யாணத்துல நான் எங்கப்பனத்தான் எடுத்திருக்கறனா கண்ணு?"

மீசை எங்கே?

ஆல்பத்தை மணியண்ணனே கொண்டுவந்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இணைச்சீர்ப் படத்தில் நானும் தம்பியும். என் கண் ஓரத்தில் நின்ற ஈரம்கூடத் தெரிந்தது. தாலி கட்டும் படத்தில் கார்த்தியின் விரல், மஞ்சள் கயிறு, பெண்ணின் இமை எல்லாம் தெளிவு. வழக்கம்போல் பின்னால் நின்றிருந்த பெரியப்பா புகை மூட்டத்தில் இருந்தார். அம்மா அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் என் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து, "மணி, ஞாயித்துக்கெழம அம்மா அப்பாவையுங் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வந்துரு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் சமையலறையில் பேசிச் சிரிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது. நான் நிம்மதியாக இலை துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா சோபாவில் உட்கார்ந்து ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதலில் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார், அப்புறம் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏங் கண்ணு, உன்ற கல்யாணத்துல என்னய எத்தன அம்சமா எடுத்திருந்தான், இதுல பெத்த அப்பன இப்படிப் புகையாட்டப் பண்ணிப்போட்டானே, அவனுக்கு எம்மேல என்ன கோவம்?"

ஃபோகஸை முன்னால் தள்ளவும் பின்னால் இழுக்கவும் எனக்குத் தெரியும், ஆனால் மேடையில் நிற்கிற அத்தனை சொந்தக்காரரையும் ஒரே படத்தில் திருப்திப்படுத்துகிற எண்ணை எந்த கேமரா மெனுவிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.