கட்கியின் இடது கால்காரர்கள்

மகளைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்க்க ஃபோனில் ஒரு படிவம் வந்திருக்கிறது. பெயர், வயதுக்கு அடுத்து 'எந்தக் கால்?' என்று ஒரு கேள்வி. நான் யோசிப்பதற்குள் மனைவி, "இடதுன்னு போடுங்க. அதுக்குத்தான் சான்ஸ் ஜாஸ்தியாம்" என்றாள். மகளோ பந்தைக் கண்டாலே வலது காலைத் தூக்குகிறவள். எனக்குச் சேவியர் ஞாபகம் வந்துவிட்டது.

நான் சிறுவயதில் வளர்ந்தது வடக்கே கட்கியில்; அங்கே எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம். மழைக்காலத்தில் நனைந்த தோல்பந்தின் வாடை எங்களோடு வீடு வரைக்கும் வரும். அம்மா வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு உள்ளே வா என்பாள். எங்கள் கூட்டத்தில் இடது காலால் உதைப்பவன் பக்கத்து வீட்டுச் சேவியர் ஒருவன்தான். அவன் உதைத்தால் பந்து கோலுக்குள் போகும். நான் உதைத்தால் காம்பவுண்டைத் தாண்டும்.

ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இலவசப் படிப்பு, சாப்பாடு, பூட்ஸ். சேவியரின் அப்பா வேலையில்லாமல் இருந்த நேரம். அவன் அதையே நம்பியிருந்தான். கோச்சுக்கு இடது கால்காரன்தான் வேண்டுமாம் என்று யாரோ கிளப்பிவிட, ஒரே வாரத்தில் கட்கியே இடது காலுக்கு மாறியது. வலது காலை வைத்து வீட்டுக்குள் வரச் சொல்லும் அம்மாக்கள்கூட அந்த வாரம் கண்டுகொள்ளவில்லை. வலது கால் முந்திக்கொள்ளாமல் இருக்க நான் அதில் பேண்டேஜ் சுற்றிப் பழகினேன்.

தேர்வன்று பதினோரு பேர் வரிசையாக இடது காலால் உதைத்தோம். ஒருவன் காற்றை உதைத்து மல்லாந்தான். என் பந்து கோச்சின் டீ கிளாஸைச் சாய்த்தது. "சப் நாடக்!" என்று கத்தினார். எல்லாம் நாடகம், இனி வருபவன் வலது காலால்தான் உதைக்க வேண்டும் என்று உத்தரவு. மிச்சமிருந்தவன் சேவியர் மட்டும்.

"சார், நான் நிஜமாவே லெஃப்ட்டு சார்" என்று பதற்றத்தில் தமிழிலேயே சொன்னான். கோச்சுக்குப் புரியவில்லை. நான் இந்தியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் குட்டு உடைந்துவிடுமே என்று பேண்டேஜைச் சரிசெய்துகொண்டு நின்றேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சேவியர் வலது காலால் உதைத்தான். பந்து பாதி வழியில் நின்றுவிட்டது. இடது பக்கம் ஆடுவதற்குக் கோர்படியிலிருந்து ஒரு வலது கால்காரனை எடுத்தார்கள்.

மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அதை விடுங்கள். மறுநாள் நாங்கள் ஆடப் போனபோது சேவியரும் வந்தான். "நான் கோல்ல நிக்கிறேன்டா" என்றான். தேஹு ரோட்டுக்குக் குடிபோகும்வரை அங்கேயேதான் நின்றான், நன்றாகவே பிடித்தான். கைக்கு எட்டாத பந்தைக்கூட அவன் காலால் தடுத்து நான் பார்த்ததில்லை.